இரட்டைத் தள்ளுவண்டியும் சிறிய காரும்

சாய்ந்தமருதிலே நமக்கு வேண்டிய குடும்பம் ஒன்றுண்டு. கடற்கரையை நோக்கிச் செல்லும் ஒழுங்கைகளுள் ஒன்றில், மதிலோடு மதில் ஒட்டி நிற்கும் வீடுகளுக்கிடையே அவர்களது வீடு. அவ்வீட்டு மகளுக்கு இரட்டைப் பிள்ளைகள், ஆண் ஒன்றும் பெண் ஒன்றுமாகப் பிறந்து ஒன்பது மாதங்கள் ஆகின்றன. நம் கிழக்குக் கரையின் வழக்கப்படி மணமான பின்னும் மகள் தாய்வீட்டிலேயே வாழ்கிறாள். மருமகன்தான் வந்து சேர்ந்தவர். ஆகவே பிள்ளைகளைத் தூக்கவும் துயிற்றவும் உம்மம்மா ஒருவர் எந்நேரமும் அருகிலிருக்கிறார். முற்றத்து விறாந்தையில் இரண்டு ஏணைகள் ஆடுகின்றன. குறையொன்றுமில்லை என்றே எவரும் எண்ணுவர்.

குறை வந்தது கட்டாரிலிருந்து வந்த ஒரு பெட்டியினால்.

பிள்ளைகளின் மாமன் அங்கே தொழில் பார்க்கிறார். தங்கையின் மக்களுக்கென்று கார்களிற் பூட்டும் குழந்தை ஆசனங்கள் இரண்டும், இருவரையும் அருகருகே இருத்தித் தள்ளும் இரட்டைத் தள்ளுவண்டி ஒன்றும் கப்பலில் அனுப்பி வைத்தார். பெட்டியைப் பிரித்த அன்று அயலவர் எல்லோரும் கூடிவிட்டார்களாம். வண்டியும் அழகானதுதான்: கறுப்பு நிறக் கூடாரம், மெத்தென்ற இருக்கை, தடித்த சில்லுகள். மறுநாள் கிளினிக் தினம். மருமகன் காரை வாசலுக்குக் கொண்டுவந்து, பின்கதவைத் திறந்து, மடித்த வண்டியைத் தூக்கி டிக்கியில் வைத்தார். அது உள்ளே போகவில்லை. நெடுக்காக வைத்தார், போகவில்லை. குறுக்காக வைத்தார், போயிற்று, ஆனால் கதவு மூடவில்லை. நான்கு விரற்கடை இடைவெளி எஞ்சி நின்றது.

இதைக் கேட்டுச் சிரிக்கும் வாசகர்கள் இருக்கலாம். தள்ளுவண்டியே இல்லாமல் நம் பெற்றோர் எட்டுப் பிள்ளைகளை இடுப்பிலே சுமந்து வளர்க்கவில்லையா என்று மூத்தோர் கேட்கலாம். வளர்த்தார்கள்தான். ஆனால் ஒன்பது மாதத்துப் பிள்ளைகள் இருவரை ஒரே நேரத்தில் ஒரு தாய் இடுப்பில் வைத்துக்கொண்டு வைத்தியசாலை வரிசையில் இரண்டு மணி நேரம் நிற்பதென்பது வேறு கதை. இரட்டைப் பிள்ளைகளின் தாய்க்குத் தள்ளுவண்டி ஆடம்பரமன்று; வீட்டு வாசற்படியைத் தாண்டுவதற்கு அவளுக்குள்ள அனுமதிச் சீட்டே அதுதான். இத்தகைய தாய்மார் முன்னரிலும் பார்க்க இன்று அதிகம். உலகிலே ஆண்டுதோறும் ஏறத்தாழ 16 இலட்சம் இரட்டைப் பிரசவங்கள் நிகழ்கின்றன என்றும், பிறக்கும் 42 குழந்தைகளுள் ஒன்று இரட்டையருள் ஒன்று என்றும் 2021இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டிருக்கிறது. தாய்மார் வயது கூடிப் பிள்ளை பெறுவதும், கருத்தரிப்பதற்கான சிகிச்சைகள் பரவியதும் இதற்குக் காரணங்கள்.

தள்ளுவண்டியின் வரலாறும் சுவையானது. 1733ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலே வில்லியம் கென்ற் என்னும் கட்டடக் கலைஞர் டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காகச் சிப்பி வடிவிலான சிறு வண்டியொன்றைச் செய்து கொடுத்தார். அதை இழுத்தது தாயுமன்று, தாதியுமன்று. ஆடோ குட்டிக் குதிரையோ பூட்டி இழுக்கும்படி அது அமைந்திருந்தது. பின்னர் வந்த வண்டிகள் கைகளால் தள்ளப்பட்டாலும், பெரிய சில்லும் கனத்த உடலுமாக வீட்டு வாசலோடு நிற்பனவாகவே இருந்தன. காரில் ஏற்றுவது என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. ஏற்றுவதற்கு அப்போது கார் இருந்தால் அல்லவா?

அந்தப் பேச்சுக்கு இடம் உண்டாக்கியவர் ஓவன் மக்லாரன் என்னும் பொறியியலாளர். இரண்டாம் உலகப் போரில் புகழ் பெற்ற ஸ்பிற்பயர் விமானத்தின் இறங்கு சில்லுத் தொகுதியை வடிவமைப்பதிற் பங்குகொண்டவர் அவர். விமானம் மேலெழுந்ததும் கால்களை மடக்கித் தன் உடலுக்குள் ஒளித்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது நீட்ட வேண்டும். நீட்டிய கால் ஆட்டமின்றிப் பாரத்தைத் தாங்க வேண்டும். முதுமையில் அவருடைய மகள் வெளிநாட்டிலிருந்து குழந்தையோடு வந்து இறங்கியபோது, கனத்த வண்டியை வைத்துக்கொண்டு அவள் படும் பாட்டை மக்லாரன் பார்த்தார். விமானக் காலுக்குச் செய்த அதே வித்தையைத் தள்ளுவண்டிக்கும் செய்தால் என்ன என்று எண்ணினார். மெல்லிய அலுமினியக் குழாய்களைப் பெருக்கற் குறிபோல ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகப் பூட்டி, குடையைப்போல் ஒடுங்கும் வண்டி ஒன்றை அமைத்தார். 1965இல் அதற்குக் காப்புரிமை கேட்டார். 1967இல் அது விற்பனைக்கு வந்தது. அதன் நிறை ஆறு இறாத்தல், அதாவது மூன்று கிலோவுக்கும் குறைவு. ஒரு கையில் குழந்தை, மறு கையில் மடித்த வண்டி என்று பஸ்ஸில் ஏறும் காலம் அன்றுதான் பிறந்தது.

ஆனால் ஒரு பிள்ளைக்குச் செய்ததை இரண்டு பிள்ளைகளுக்குச் செய்ய முற்படும்போது சிக்கல் தொடங்குகிறது. இரட்டைத் தள்ளுவண்டிகள் பெரும்பாலும் இரு வகையின. ஒன்று, பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது. மற்றையது, புகைவண்டிப் பெட்டிகளைப் போல் ஒருவர் பின் ஒருவராக இருப்பது. முன்னையதன் அகலம் 75 சென்ரிமீற்றர் அளவிலிருக்கும். மடித்தால் நீளமும் கனமும் குறையுமேயன்றி அகலம் பெரும்பாலும் குறையாது. குடைபோல் ஒடுங்கும் இரட்டை வண்டிகளும் உண்டு. அவை அகலத்தில் ஒடுங்கி நீளத்தில் மிஞ்சும். பின்னையது வாசல்களுக்குள் இலகுவாக நுழையும்; ஆனால் மடித்தாலும் தடித்த மூட்டையாகவே கிடக்கும். எதை வாங்கினாலும் பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட பாரம். இதிலே 'நல்லது எது' என்று கடைக்காரரிடம் கேட்பதிற் பயனில்லை. 'நம் காருக்கு ஏற்றது எது' என்பதே கேள்வி.

நம் கார்களோ சிறியவை. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை வீதியோரத்தில் நின்று எண்ணிப் பார்க்கலாம்: ஆல்டோ, வாகன்ஆர், மீரா, வீவா, பழைய மாருதி. இவற்றுள் யப்பானிலிருந்து வருவன பல, அந்நாட்டின் சிறு கார்ச் சட்டத்துக்கு அடங்கியவை. 1998 முதல் நடைமுறையிலிருக்கும் அச்சட்டத்தின்படி காரின் நீளம் 3.40 மீற்றரையும், அகலம் 1.48 மீற்றரையும், இயந்திரம் 660 கன சென்ரிமீற்றரையும் தாண்டலாகாது. இந்த அளவுக்குள் நால்வர் தாராளமாக அமர்வதற்கு இடம் செய்தவர்கள், அதற்கு விலையாக எதைக் கொடுத்தார்கள் என்று பின்கதவைத் திறந்தாற் தெரியும். பெரிய கார் வாங்கினால் தீராதா எனலாம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய சிறு காரின் விலையே எட்டாத உயரத்துக்குப் போனதை யாவரும் அறிவர். இருக்கும் காரிலேதான் பிள்ளைகளையும் வண்டியையும் ஏற்ற வேண்டும்.

டிக்கியின் கொள்ளளவு இத்தனை லீற்றர் என்று விற்பனைப் பத்திரங்களில் அச்சிடுகிறார்கள். மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. லீற்றர் என்பது தண்ணீருக்குப் பொருத்தமான அளவு. தண்ணீர் எந்த மூலைக்குள்ளும் புகும். தள்ளுவண்டி அப்படிப் புகுமா? டிக்கியை அளக்கும் முறையொன்று, 20 சென்ரிமீற்றர் நீளமும் 10 அகலமும் 5 உயரமுமான, ஒரு லீற்றர் கொள்ளும் சிறு கட்டிகளை உள்ளே அடுக்கி எண்ணுவதாகும். சவர்க்காரக் கட்டிகளை அடுக்குவதுபோல, சில்லின் மேற்கூட்டுக்கு அப்பாலுள்ள மூலைகளிலும் அவை நுழைந்துகொள்ளும். அந்த மூலைகள் தள்ளுவண்டிக்குப் பயன்படா. அது மட்டுமன்று, பெரும்பாலும் அந்த எண் டிக்கியின் மேல்தட்டு வரைக்குமே கணக்கிடப்பட்டிருக்கும். ஆல்டோ 800 என்னும் காருக்கு 177 லீற்றர் என்பார்கள். மடித்த இரட்டை வண்டியொன்று 80 சென்ரிமீற்றர் நீளம், 75 அகலம், 30 கனம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 180 லீற்றர். கணக்குப்படியே மூன்று லீற்றர் மிஞ்சிவிட்டது! ஆயினும் இவ்வண்டி அத்தகைய காருக்குள் போகாது என்று முடிவு கட்டிவிட முடியாது. மேல்தட்டைக் கழற்றிவிட்டால் கூரை வரை வெளியிருக்கிறது. லீற்றரை நம்பி வாங்கவும் வேண்டாம், லீற்றரை நம்பி மனம் தளரவும் வேண்டாம் என்பதே நாம் சொல்ல வருவது.

நம்ப வேண்டியது தையற்காரரின் அளவு நாடாவை. டிக்கியில் எடுக்க வேண்டிய முதல் அளவு, கதவு திறக்கும் வாயின் அகலமும் உயரமும். உள்ளே மண்டபம்போல் இடமிருந்தும் வாய் ஒடுங்கியிருந்தால் பயனில்லை. அடுத்தது, சில்லுக் கூடுகளுக்கிடையே தரையின் அகலம். மூன்றாவதுதான் பலர் தவறவிடும் அளவு: பின்னாசனத்திலிருந்து கதவு வரையுள்ள ஆழம். இதைத் தரையில் மட்டும் அளந்தாற் போதாது. ஆசனத்தின் சாய்வு டிக்கிப் பக்கமாகச் சரிந்திருக்கும். கதவின் கண்ணாடி உட்பக்கமாகச் சரிந்திருக்கும். ஆகவே மேலே போகப் போக ஆழம் ஒடுங்கும். தரையில் 45 சென்ரிமீற்றர் கண்டு மகிழ்ந்தவர், தோள் உயரத்தில் 25 மட்டுமே இருப்பதைக் கதவு மூடாதபோதுதான் அறிவார். சாய்ந்தமருது மருமகன் கண்டதும் அதையே.

நேராகப் போகாததைக் குறுக்காகச் சரித்து வைத்தால் போகும் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். பைதகரசின் தேற்றம் படித்த மாணவர் உடனே கணக்குப் போடுவார்: தரை 100 சென்ரிமீற்றருக்கு 60 என்றால் மூலைவிட்டம் ஏறத்தாழ 117, ஆகவே 117 நீளமான பொருளும் போகும். தும்புத்தடி போகும், உண்மை. ஆனால் பொருளுக்குக் கனம் உண்டென்பதைத் தேற்றம் கவனிப்பதில்லை. பத்துச் சென்ரிமீற்றர் கனமுள்ள பொருளாயின் மூலைவிட்டமாக ஏறத்தாழ 108 நீளம் வரையே வைக்கலாம். கனம் 25 ஆகிவிட்டால், சரித்து வைப்பதில் எள்ளளவும் இலாபமில்லை. நேராக வைத்தால் போகும் 100கூடச் சற்றுச் சரிந்தால் முட்டிக்கொள்ளும். நம்ப மறுப்பவர்கள் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் தீப்பெட்டியையும் பென்சிலையும் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். ஆகவே குடைபோல் ஒடுங்கும் மெல்லிய வண்டிக்கு மூலைவிட்டம் துணை செய்யும். தடித்த வண்டிக்குக் கனத்தைக் குறைப்பதே வழி.

கனம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் சில்லுகளில். பல வண்டிகளில் பின்சில்லுகளின் அச்சிலே சிறு பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தினாற் சில்லு கழன்று கைக்கு வந்துவிடும். கூடாரமும் கைப்பிடித் தடியும் சிலவற்றிற் கழலும். சில்லைக் கழற்றியதும் எத்தனையோ சென்ரிமீற்றர் குறைந்து, மூட்டை பலகையாகிவிடுகிறது. அப்பலகையை ஆசனத்தின் முதுகோடு ஒட்டி நிமிர்த்தி நிறுத்தலாம். காரின் பக்கத்திலும் சில வசதிகள் உண்டு. மேல்தட்டு கழலும். வாகன்ஆர் போன்ற சில கார்களின் பின்னாசனம் முன்னும் பின்னும் நகரும். சிறிது முன்னே தள்ளினால் டிக்கி வளரும். ஆசனத்தைப் பாதியாகப் பிரித்து மடிக்கலாமே என்று விளம்பரம் சொல்லும். இங்கேதான் நமக்கு மெல்லிய கோபம் வருகிறது. இரட்டைத் தள்ளுவண்டி வைத்திருப்பவருக்கு இரண்டு பிள்ளைகள் உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கும் பின்னாசனத்திலே இரண்டு குழந்தை ஆசனங்கள் உண்டு. எந்தப் பாதியை மடிப்பது? விளம்பரம் எழுதியவர் வீட்டில் இரட்டையர் இல்லைபோலும்.

இனி, சாய்ந்தமருது வாசலில் நின்ற காருக்கு வருவோம். கிளினிக்குக்கு நேரமாகிவிட்டது. மருமகன் தோணி கட்டும் கயிறு ஒன்றை எடுத்து, மூடாத பின்கதவை இழுத்துக் கட்டி, அப்படியே புறப்பட்டுவிட்டார். இக்காட்சி நம் வீதிகளில் புதியதன்று. வாழைக்குலையும் நெல் மூட்டையும் இப்படித்தான் போகின்றன. ஆனால் இதில் இரண்டு ஆபத்துகள் மறைந்திருக்கின்றன.

முதலாவது, புகை. ஓடும் காரின் பின்புறத்திலே காற்றழுத்தம் குறைந்திருக்கும். கதவு திறந்திருந்தால், புகைக்குழாயிலிருந்து வெளியேறும் புகையிற் சிறு பகுதி திரும்பிக் காருக்குள்ளேயே இழுபட்டு வரும். அப்புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. நம் இரத்தத்திலே பிராணவாயுவைச் சுமக்கும் பொருளோடு, பிராணவாயுவை விட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் அது ஒட்டிக்கொள்ளும். டிக்கிக்கு மிக அண்மையில் இருப்போர் யார்? பின்னாசனத்துப் பிள்ளைகள். வழியிலே பிள்ளைகள் நன்றாகத் தூங்கிவிட்டன என்று அன்று வீட்டார் மகிழ்ந்தார்களாம். குறுகிய தூரம்தான், தீங்கொன்றும் நேரவில்லை. ஆயினும் அந்தத் தூக்கத்தைப் பற்றிக் கேட்டபோது நமக்கு உள்ளம் திடுக்கிட்டது.

இரண்டாவது, கட்டப்படாத பாரம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகம் நம் வீதியில் பெரிய வேகமன்று. ஆனால் பத்து மீற்றர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது பெறும் வேகம் அதுவே. ஒரு தென்னையின் உச்சியிலிருந்து பதினான்கு கிலோத் தள்ளுவண்டி விழுவதை நினைத்துப் பாருங்கள். கார் எதிலேனும் மோதி நின்றால், ஆசன முதுகுக்கு மேலே தலைநீட்டிக்கொண்டிருக்கும் வண்டி அந்த வேகத்தில் பிள்ளைகளின் தலையை நோக்கி வரும். வேகம் 70 ஆனால் தென்னை இருமடங்கு உயரமாகிவிடும். ஆகவே வண்டி ஆசனத்தின் முதுகுக்குக் கீழே அடங்கியிருப்பது நல்லது. அடங்காவிடின் பட்டியால் இறுக்கிக் கட்ட வேண்டும். டிக்கியின் தரையிலே கொளுக்கி இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். மடியில் வைத்த பிள்ளையைக் கைகளால் தடுத்துவிடலாம் என்று நம்பும் தாய்மாருக்கும் இதே கணக்குப் பொருந்தும். எட்டுக் கிலோப் பிள்ளை அந்த வேகத்தில் எவர் கையிலும் நில்லாது.

கூரையின்மேற் கட்டுவதைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று மழையோடு வரும் நம் கரையிலே, வைத்தியசாலை வாசலில் நனைந்த இருக்கையிற் பிள்ளையை இருத்துவதெப்படி? அன்றியும், கடற்காற்றின் உப்பு உருக்குத் திருகாணிகளைச் சில மாதங்களிலேயே தின்னத் தொடங்கும். கரையோரத்து வீடுகளில் தள்ளுவண்டி வைத்திருப்போர் மூட்டுகளிற் புகும் மணலை ஈரத்துணியால் துடைத்து, சிறிது எண்ணெயிடுவது நன்று. மணல் ஏறிய மூட்டு முழுவதாக மடியாது. மடியாத மூன்று சென்ரிமீற்றரால் கதவு மூடாமற் போவதும் உண்டு.

அடுத்த கிளினிக் தினத்துக்கு மருமகன் கயிற்றை எடுக்கவில்லை. புகையைப் பற்றி யாரோ சொல்லியிருந்தார்கள். பதிலாக, மடித்த வண்டியை முன்னாசனத்திலே சாரதிக்குப் பக்கத்தில் நிறுத்திப் பட்டி போட்டார். பின்னாலே பிள்ளைகள் இருவரும், நடுவில் ஒடுங்கியபடி தாயும். கதவெல்லாம் மூடின. உம்மம்மாவுக்குத்தான் இடமில்லை.

"மாமி, நீங்க இந்த முற நிண்டுக்குங்க. அடுத்த முற கூட்டிப் போறன்" என்றார் மருமகன்.

"அதுக்கென்ன மகன், புள்ளயளக் கவனமாக் கொண்டு போங்க" என்று சொல்லி அவர் வாசலில் நின்றார். அடுத்த முறையும் நின்றார். அதற்கடுத்த முறையும் நின்றார். பிள்ளைகள் பிறந்த நாள்தொட்டு ஒரு கிளினிக்கும் தவறாமற் கூடச் சென்றவர் அவர். தாதியிடம் நிறையைக் கேட்டு மனத்திலே குறித்து வைப்பவரும் அவரே. பரிசாக வந்த வண்டி தம் ஆசனத்திலே ஏறி அமர்ந்துகொண்டு போவதை மூன்று மாதம் பார்த்து நின்ற அவர், ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவருடைய மகளுக்கு அது பொறுக்கவில்லை. "உம்மா வராம இனி நான் போக மாட்டன்" என்று ஒருநாட் காலை சொல்லிவிட்டாள். நாம் அவ்வீட்டுக்குச் சென்றது அன்றுதான்.

நாம் பெரிய வித்தையொன்றும் செய்யவில்லை. தையற்பெட்டியிலிருந்த அளவு நாடாவைக் கேட்டு வாங்கினோம். டிக்கியின் வாயையும், தரையையும், மேலாழத்தையும் அளந்தோம். பின்னர் வண்டியைத் திண்ணையில் மடித்துக் கிடத்தி அளந்தபோது, கனத்திலே மட்டும் ஒரு சாணுக்குக் குறைய மிஞ்சியது. சில்லின் அச்சிலே பொத்தானைத் தேடினோம். மாதக்கணக்கில் மணலும் எண்ணெயும் படிந்து அது கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. மருமகன் பெருவிரலால் அழுத்தினார். 'டக்' என்று ஒரு சில்லு கழன்றது. மற்றதும் கழன்றது. மேல்தட்டைக் கழற்றி வீட்டுக்குள் அனுப்பினோம். சில்லிழந்த வண்டியை நிமிர்த்தி, கைப்பிடி கீழாக, ஆசன முதுகோடு ஒட்டி இறக்கி, பட்டியால் வரிந்து கட்டினோம். முழங்கைப் பக்கம் ஒன்று கண்ணாடியை உரசுவதுபோல் தோன்றியது. அரை அங்குலம் இடப்பக்கம் நகர்த்தியதும் அதுவும் அடங்கியது. மருமகன் கதவை மெல்ல இறக்கினார். அது மூடிக்கொண்டது.

அயல் வீட்டுப் பிள்ளைகள் கை தட்டினார்கள். உம்மம்மா உள்ளே சென்று சேலை மாற்றிக்கொண்டு வந்தார். முன்னாசனத்தில் அமர்ந்து, பட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கழற்றிய சில்லுகளைத் தாருங்கள் என்று கையை நீட்டினார். அவற்றைப் பழைய சீலைப் பையிலே இட்டு, தம் காலடியில் வைத்து, குனிந்து பைக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தார்.

"ரெண்டும் இரிக்கி மகன். இனி எடுங்க" என்றார்.